கேமரா சின்னது, குடும்பம் பெரிசு

(கூமாப்பட்டியில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ பேசப் போறது கொஞ்சம் புது விஷயம். கேமராவைப் பத்தி. "குழுக் கூட்டத்துல கேமராவுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கடந்த சில மாதங்களில் நமது குழுக்களிலிருந்து மூன்று விஷயங்கள் கூட்டமைப்புக்கு வந்திருக்கின்றன.

முதலாவது ஒரு கடன் மனு. "என் மகன் ஆக்‌ஷன் கேமரா வாங்கணும்ங்கிறான். 35,000 ரூபாய் வேணும். வீட்டுல நடக்குறதை எல்லாம் வீடியோ எடுத்துப் போட்டா வருமானம் வரும்னு சொல்றான்" என்று ஒரு உறுப்பினர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது ஒரு மருமகள் சொன்ன குறை. "அடுப்படி அலமாரி மேல சின்னக் கேமராவை வச்சிட்டுப் போயிடுறாங்க. அது ஓடுதா, நிக்குதான்னே எனக்குத் தெரியலை. சொந்த அடுப்படியில நிம்மதியா முந்தானையை உதறிச் சொருக முடியலை" என்றார்.

மூன்றாவது ஒரு பிள்ளை விஷயம். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய சடங்கு வீடியோவை மாமன் முறை உள்ள ஒருத்தர் போனில் போட்டுவிட்டார். அது வகுப்புப் பையன்கள் கைக்குப் போய்விட்டது. பிள்ளை நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

யார், எந்தத் தெரு என்று இங்கே சொல்லப் போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் இந்த மூன்றும் ஒரே கேள்விதான். நம்ம வீட்டு வாழ்க்கையை யார் படம் எடுக்கலாம், யார் பார்க்கலாம், அதை யார் முடிவு பண்ணுவது? இதைக் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தாய் கொடுத்த கடனும் தையல் மிஷினும்

ஆக்‌ஷன் கேமரா என்றால் என்ன என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம்ம சிவகாசித் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கும். கட்டைவிரல் அளவிலும் இப்போது வந்திருக்கிறது. நெஞ்சில், தலையில், சைக்கிள் ஹேண்டில்பாரில், எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கையில் பிடிக்க வேண்டியதில்லை.

இது எப்படி வந்தது? அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நிக் உட்மேன் என்கிறவருக்குக் கடல் அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிற விளையாட்டில் ஆசை. கரையில் நின்று எடுத்தால் ஆள் எறும்பு மாதிரி தெரிவான். அலைக்குள்ளேயே இருந்து எடுக்கிற மாதிரி, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கேமரா வேண்டும் என்று நினைத்தார். 2002-இல் கம்பெனி தொடங்கினார். அவருடைய அம்மா 35,000 டாலர் கடனாகக் கொடுத்ததோடு, தன்னுடைய தையல் மிஷினையும் கொடுத்தார். அந்த மிஷினில்தான் கேமராவைக் கையில் கட்டுகிற வார்களைத் தைத்துப் பார்த்தார்கள். 2004-இல் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. அது பழைய மாதிரி பிலிம் ரோல் போடுகிற கேமராதான். அந்தக் கம்பெனிதான் கோப்ரோ. இன்றைக்குப் பல கம்பெனிகள் இதேபோல் செய்கின்றன.

ஒரு தாயின் கடனும் தையல் மிஷினும் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கேமராவைக் கண்டுபிடித்தவர், தன்னைத் தானே எடுத்துக்கொள்வதற்காகக் கண்டுபிடித்தார். யாரைப் படம் எடுக்கிறோமோ அவரே அதை உடம்பில் கட்டியிருந்தார். ஓடுகிறதா நிற்கிறதா என்று அவருக்குத் தெரியும். அந்த மருமகள் விஷயத்தில் அது தலைகீழாகப் போய்விட்டது. அலமாரியில் இருக்கிற கேமரா வேறு யாருடையதோ. அது பார்ப்பது அவரை.

இதன் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான். சின்னதாக இருப்பதால் அது இருப்பதையே மறந்துவிடுகிறோம். மறந்தால் பிள்ளைகள் இயல்பாக விளையாடும், படம் அழகாக வரும். அதே மறதியில்தான் காட்டக்கூடாததும் பதிந்துவிடும்.

நம்ம வீட்டுக்கு இதால் என்ன நன்மை?

முதலில் நல்லதைப் பேசுவோம். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாலையும் பட்டுமாக நாம் நிற்போம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நாம் செய்த வேலைக்கு ஒரு போட்டோ உண்டா? நாத்து நட்டது, களை எடுத்தது, மாட்டுக்குப் புல் அறுத்தது, ரெண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போனது, எதற்கும் படம் கிடையாது. ஸ்டுடியோக்காரர் விசேஷத்துக்குத்தான் வருவார், வேலைக்கு வரமாட்டார்.

நெஞ்சில் மாட்டுகிற கேமராவுக்கு நம்ம முகம் தெரியாது. நம்ம கை தெரியும். மாவு எந்தப் பதத்தில் இருக்கணும், பால்கோவா எந்த நேரத்தில் சட்டியில் ஒட்டாமல் திரளும், நாத்து முடியை எந்த அளவில் பிரித்து ஊன்றணும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். வாயால் சொல்ல வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஊர் முழுக்கப் பேர் இருக்கு. கிளறுகிற கைக்குப் பேர் இல்லை. அந்தக் கையைப் பதிந்து வைத்தால் நாளைக்கு நம் பேத்திக்கு அது பாடம்.

திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலைக்குப் போன வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளை தவழ்ந்ததையும் நடந்ததையும் காட்டலாம். தாலாட்டும் கும்மியும் தெரிந்த பாட்டிமார்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் குரல் அவர்களோடு போய்விடக்கூடாது. அவர்களிடம் கேட்டு, உட்கார வைத்து, மரியாதையாகப் பதிந்து வையுங்கள். இதற்கெல்லாம் கேமரா வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

கேமரா படிச்சவங்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்காதீர்கள். 1984-இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுத்தது. அதில் காய்கறி விற்கிறவர்களும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே படம் எடுத்து அதிகாரிகளுக்குக் காட்டினார்கள்.

கேமராவை எந்த உயரத்துல வைக்கிறோம்?

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்று ஒரு ஊர். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் இருக்கிறது. அதன் சங்கங்களில் நம்மைப் போன்ற பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அவர்களில் சிலர் வீடியோக் கேமரா பழகினார்கள். 2001-இல் தங்களுக்கென்று ஒரு ஊடக அறக்கட்டளையே வைத்துக்கொண்டார்கள். வாரங்கல் பகுதி விவசாயிகள் பி.டி. பருத்தியால் பட்ட பாட்டை அவர்கள் எடுத்த படம் 2003-இல் வந்து பல நாடுகளில் காட்டப்பட்டது.

பயிற்சியில் கேமராக் கோணங்களைச் சொல்லிக்கொடுத்தபோது, அந்தப் பெண்கள் கோணங்களுக்குத் தாங்களே பேர் வைத்தார்கள். மேலே இருந்து கீழே பார்க்கிற கோணத்துக்கு ‘பட்டேல் ஷாட்’ என்று பேர். பட்டேல் என்றால் அந்த ஊர்ப் பண்ணையார். அவர் திண்ணையில் உட்கார்ந்து கீழே நிற்கிற கூலியாளைப் பார்க்கிற பார்வை அது. கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிற கோணத்துக்கு ‘அடிமை ஷாட்’. கண்ணுக்கு நேராகக் கண் பார்க்கிற கோணத்துக்கு ‘சங்கம் ஷாட்’. ஏனென்றால் சங்கத்தில் எல்லாரும் பாயில் சமமாகத்தான் உட்காருகிறோம்.

சகோதரிகளே, இதைக் கேட்டவுடன் அந்த அடுப்படி அலமாரிதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. அலமாரி மேலிருந்து பார்க்கிற கேமரா பட்டேல் ஷாட். வீட்டில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், யார் குனிந்து வேலை செய்கிறார்கள் என்று அந்த உயரமே சொல்லிவிடும். பிள்ளையை எடுக்கணும்னா நாம தரையில உட்காரணும். பாட்டியை எடுக்கணும்னா பாட்டி உட்கார்ந்திருக்கிற கட்டில் உயரத்துக்கு வரணும். மருமகளை எடுக்கணும்னா மருமகள் கையிலேயே கேமராவைக் கொடுத்திடணும். எதை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று அவரே முடிவு செய்யட்டும்.

கூமாப்பட்டி நமக்குச் சொன்ன பாடம்

"ஏங்க" என்று நாம் கூப்பிட்டால் வீட்டுக்காரர்தான் திரும்பிப் பார்ப்பார். 2025 ஜூன் மாதத்தில் இந்த ஊரிலிருந்து ஒரு தம்பி "ஏங்க" என்று கூப்பிட்டதற்குத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. கூமாப்பட்டியின் தண்ணீரையும் தோப்பையும் மலையையும் காட்டி அவர் போட்ட சின்னச் சின்ன வீடியோக்கள் போனுக்குப் போன் பறந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்திராயிருப்பு வட்டத்தில் ஒதுங்கி இருந்த ஊரின் பேர் கைக்குழந்தைக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது? எங்கிருந்தெல்லாமோ வண்டி போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் சேர்ந்தது நம்ம பிளவக்கல் அணை. அது பாசனத்துக்கான அணை. நினைத்தவர்கள் நினைத்த நேரத்தில் இறங்கிக் குளிக்கிற இடம் இல்லை. வந்தவர்களில் பலர் ஏமாந்து திரும்பினார்கள். வீடியோவில் பார்த்த மாதிரி இல்லையே என்றார்கள். நல்லதும் நடந்தது. பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு சின்ன வீடியோவுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தன் ஊரைப் பெருமையாகக் காட்டினார், நமக்கும் பெருமைதான். நாம் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று.

ஒன்று, கேமரா தன் முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். எந்த மாதம், எவ்வளவு ஆழம், யாருக்கு அனுமதி என்பதைக் காட்டாது. அதிலும் ஆக்‌ஷன் கேமராவின் கண்ணாடி ரொம்ப அகலமாகப் பார்க்கும். பக்கத்தில் இருப்பதைப் பெரிசாகவும், தூரத்தில் இருப்பதைச் சின்னதாகவும் காட்டும். வாய்க்கால்கூட அகலமான ஆறு மாதிரி தெரியும்.

இரண்டு, வீடியோ வெளியே போய்விட்டால் போட்டவர் கையில் அது இல்லை. யார் பார்ப்பார்கள், எங்கே வெட்டி ஒட்டுவார்கள், எத்தனை பேர் கிளம்பி வருவார்கள் என்று அவருக்கே தெரியாது.

மூன்று, ஊர் பெரிசு. ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும். காவல்துறை இருக்கு, நீர்வளத்துறை இருக்கு, மாவட்ட நிர்வாகம் இருக்கு. தடுப்பு வைத்துத் திருப்பி அனுப்ப ஆள் இருக்கு. ஆனால் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஆயிரம் பேர் பார்த்தால் அவளுக்குத் தடுப்பு வைக்க யார் இருக்கிறார்கள்? ஊர் தாங்கியதைப் பிள்ளை தாங்குமா?

தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கேமராக்களில் பல 10 மீட்டர் ஆழம் வரை தண்ணீரில் நனையலாம். கேமரா நனையலாம் என்பதற்காகப் பிள்ளைகள் குதிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. கிணறு, கண்மாய், அணை எங்கே இருந்தாலும் வீடியோவுக்காக யாரும் இறங்க வேண்டாம். தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள். சாலையைப் பார்க்க வேண்டிய கண் படம் எப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் விபத்துதான்.

பிள்ளையின் முகம் யாருடையது?

நம்ம பிள்ளை, நாம போடுறோம், இதுல என்ன தப்பு என்று கேட்கலாம். பத்து மாசம் சுமந்தவள் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்விதான். ஆனால் யோசியுங்கள். மூணு வயசில் அம்மணமாகக் குளிக்கிற வீடியோ நமக்கு அழகு. அதே பையனுக்கு பதினாறு வயசாகும்போது நண்பர்கள் கையில் அது கிடைத்தால்? அழுகிறது, அடம் பிடிக்கிறது, மார்க் குறைந்து திட்டு வாங்குகிறது, சடங்குக்கு உட்கார்ந்தது, இதெல்லாம் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. நாளைக்கு அதைச் சுமக்கப் போவது அதுதான்.

பல நாடுகள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டன. பிரான்ஸ் நாட்டில் 2020-இல் ஒரு சட்டம் வந்தது. 16 வயசுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்து வீடியோ எடுத்துச் சம்பாதித்தால், அந்தப் பணத்தில் பிள்ளைக்கு உரிய பங்கை அது பெரியவளாகும் வரை தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் பிள்ளையே கேட்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் இதே போல, குடும்ப வீடியோவில் வருகிற பிள்ளைக்குப் பணத்தில் பங்கு வைக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கேயே யூட்டா மாநிலத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக் குடும்ப வீடியோ போட்டுப் பேர் பெற்ற ஒரு தாய், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக 2024-இல் சிறைத் தண்டனை பெற்றார். லட்சக்கணக்கானவர்கள் அந்தக் குடும்பத்தின் வீடியோக்களைப் பார்த்திருந்தார்கள். கேமரா காட்டிய வீடு வேறு, பிள்ளைகள் இருந்த வீடு வேறு.

நம்ம தமிழ்நாட்டிலும் நடந்தது. 2024 மே மாதம், சென்னையைச் சேர்ந்த ஒரு யூடியூபர், மனைவி வயிற்றில் இருக்கிற குழந்தை ஆணா பெண்ணா என்று துபாயில் பார்த்து, அதை விழாவாக்கி வீடியோ போட்டார். கருவில் இருப்பது என்ன என்று பார்ப்பதையும் வெளியிடுவதையும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எதற்காக இந்தச் சட்டம் என்று உசிலம்பட்டிப் பக்கமும் நம்ம பக்கமும் உள்ள பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரத்துறை நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டார். அதே வருஷம் அக்டோபரில், பிரசவ அறைக்குள் கேமரா போய், அவரே தொப்புள்கொடியை வெட்டுகிற வீடியோ வந்தது. அந்த மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் 10 நாள் தடையும் விதிக்கப்பட்டன. பிரசவ அறைக்குள் கேமரா போகலாமா என்ற கேள்வி அன்றைக்கு ஊர் முழுக்கப் பேசப்பட்டது. பிரசவித்த பெண்கள் நாம்தான் இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைக் கட்டாயம் தெரிந்து கொள்ளுங்கள். குழுவில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66இ பிரிவுப்படி, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் அனுப்புவதும் குற்றம். 3 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பெண்களுக்கு முக்கியமானது. குளிக்கிறது, உடை மாற்றுகிறது மாதிரி, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது பார்ப்பதும், படம் எடுப்பதும், பரப்புவதும் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. அதில் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. எடுக்கச் சம்மதித்தாலும், மற்றவருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்பியது குற்றம்தான். "நீதானே அன்னைக்குச் சரின்னு சொன்னே" என்று யாரும் வாயை அடைக்க முடியாது.

குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுகிற எந்தப் படமும், எடுத்தாலும் வைத்திருந்தாலும் அனுப்பினாலும், போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் கடுமையாகத் தண்டிக்கும்.

புகார் செய்ய வேண்டிய எண்கள்: இணையக் குற்றங்களுக்கு 1930, பெண்களுக்கு உதவி 181, குழந்தைகளுக்கு உதவி 1098. வீடியோ எங்கே இருக்கிறதோ அதை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு புகார் கொடுங்கள். பயந்து அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தனியாகப் போகத் தயங்கினால் குழுவிலிருந்து ரெண்டு பேர் கூடப் போங்கள். பிள்ளையை மட்டும் திட்டாதீர்கள். தப்பு செய்தவர் அவள் இல்லை.

வருமானம் வருமா?

இப்போது அந்த 35,000 ரூபாய்க் கடன் மனுவுக்கு வருவோம்.

பேர் பெற்ற கம்பெனிக் கேமரா முப்பது, நாற்பதாயிரம் ஆகிறது. பேர் தெரியாத கம்பெனியில் சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. அதோடு முடியாது. மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, மாட்டுகிற வார் எல்லாம் தனி. உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 25 ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். அதைக் கொட்டி வைக்க ஹார்ட் டிஸ்க், வெட்டி ஒட்ட நல்ல போனோ கம்ப்யூட்டரோ வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சூடேறித் தானே நின்றுவிடும், கண்ணாடியில் ஆவி படியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 24 தவணை என்று வைத்தால், முதல் மாதம் அசல் 1,458 ரூபாய், வட்டி 350 ரூபாய், மொத்தம் 1,808 ரூபாய் கட்ட வேண்டும். வருமானம் எப்போது வரும்? யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குட்டி வீடியோக்களை ஒரு கோடி தடவை பார்த்திருக்க வேண்டும். ஒருத்தர் 3 நிமிஷம் பார்க்கிறார் என்றால் 4,000 மணி நேரத்துக்கு 80,000 தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் ரூபாய். கறவை மாட்டுக் கடனில் பால் மறுநாளே சொசைட்டிக்குப் போகும். இது அப்படி இல்லை.

முடியவே முடியாதா? முடியும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் வயல்வெளியில் சமைத்து வீடியோ போடத் தொடங்கினார்கள். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர் பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அந்த வருஷம் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் காட்டியது தங்கள் வேலையை. அம்மியில் அரைப்பதையும் விறகடுப்பில் கிளறுவதையும் காட்டினார்கள். வீட்டுச் சண்டையையும் பிள்ளையின் அழுகையையும் விற்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். வேலையைக் காட்டினால் மரியாதை வளரும். வீட்டை விற்றால் தினமும் கொஞ்சம் கூடுதலாக விற்க வேண்டி வரும். நேற்றைய அழுகையைவிட இன்றைய அழுகை பெரிசாக இருந்தால்தானே ஆள் பார்ப்பான்?

இன்னொன்று. "வீடியோவுக்கு லைக் போட்டால் பணம், முதலில் கொஞ்சம் கட்டுங்கள்" என்று வருகிற போனை நம்பாதீர்கள். பணம் கட்டச் சொல்கிற வேலை வேலையே இல்லை.

கூட்டமைப்பு முன்வைக்கும் யோசனைகள்

கூட்டமைப்பின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து பேசி, சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம். இவற்றை உங்கள் குழுக் கூட்டத்தில் படித்து, விவாதித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாற்றம் வேண்டுமென்றாலும் எழுதுங்கள்.

1. கேட்டுவிட்டு எடுப்போம். எடுக்கக் கேட்பது ஒரு தடவை, வெளியே போடக் கேட்பது இன்னொரு தடவை. பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. மாமியார் முன்னால் மருமகளிடம் கேட்டால் அவள் தலையாட்டத்தான் செய்வாள். தனியாகக் கேளுங்கள்.

2. குளியல், உடை மாற்றும் இடம், படுக்கை, பிரசவம், சடங்கு, நோயில் படுத்திருக்கிறவர்கள், சாவு வீட்டில் அழுகிறவர்கள், இங்கெல்லாம் கேமரா வேண்டாம். சடங்கு வீட்டில் குடும்பத்துக்கு மட்டும் போட்டோ எடுத்தாலும் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

3. வீட்டுக்குள் கேமரா ஓடினால் எல்லாருக்கும் தெரியணும். வேலை முடிந்ததும் லென்சை மூடி, துணி சுற்றி வைத்துவிடணும். அலமாரி மேல் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

4. பிள்ளை "வேண்டாம்மா" என்றால் நிறுத்திவிடணும். பள்ளிச் சீருடை, பள்ளிப் பேர், வீட்டு வாசல், போகிற வருகிற நேரம் தெரிகிற மாதிரி எதையும் போடக் கூடாது.

5. கேமராக் கடன் கேட்கிறவர்கள் முதலில் இருக்கிற போனிலேயே ஆறு மாதம் எடுத்துப் பழகட்டும். என்ன காட்டப் போகிறோம், யாரைக் காட்டப் போகிறோம், அவர்கள் சம்மதம் என்ன என்று மனுவோடு எழுதித் தரட்டும். வீட்டுப் பெண்களும் அதில் கையெழுத்துப் போடட்டும். அதுவரை அந்த மனு நிலுவையில் இருக்கும், தள்ளுபடி ஆகவில்லை.

6. கூட்டமைப்பு பொதுப் பாத்திரங்கள் வாங்கி வாடகைக்கு விடுவது போல, ஒரு பொதுக் கேமரா வாங்கலாமா? நாற்று நடவு, பலகாரம், பாட்டிமார்களின் பாட்டு, குழுக்களின் தொழில் ஆகியவற்றைப் பதிந்து வைக்க அது உதவும். ஒருத்தர் 35,000 கடன் சுமப்பதற்குப் பதில், எல்லாரும் சேர்ந்தால் சுமை குறையும். எடுத்த படங்களைத் தேதியும் ஊரும் எழுதி, ரெண்டு இடத்தில் பத்திரமாக வைப்போம்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய தாயும் குழுவிலிருந்து ரெண்டு அக்காமார்களும் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினார்கள். போட்டவர் வீட்டுக்கும் போய்ப் பேசி, வீடியோவை அழிக்க வைத்தார்கள். யார் யார் போனில் இன்னும் அது இருக்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறோம், இதை வருமுன் காக்கணும். வந்த பிறகு குழுவாகப் போவது ஒரு பலம். வருவதற்கு முன்பே குழுவாக முடிவெடுப்பது அதைவிடப் பெரிய பலம்.

சகோதரிகளே, நம்மைப் படம் எடுப்பவர்கள் இதுவரை வேறு யாரோ. எந்தக் கோணம், எந்த உயரம் என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். இனி கேமரா நம்ம கைக்கும் வரட்டும். வரும்போது பண்ணையார் திண்ணை உயரத்தில் வைக்க வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பாய் உயரத்திலேயே வைப்போம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவின் தீர்மானத்தோடு வாங்க. கடைசி யோசனையான பொதுக் கேமராவுக்குச் சரியா, வேண்டாமா என்று அன்றைக்குக் கை தூக்கி முடிவு செய்வோம்.